கேட்காமலே கிடைக்க வேண்டியது: ஜெர்மன் பணியிடங்களும் பெண்களும்

2017 மார்ச் மாதம், ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் ஓர் உலோகத் தொழில் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தார். மாதம் 3,500 யூரோ அடிப்படைச் சம்பளம் என்று நிறுவனம் சொன்னது, அவர் சம்மதித்தார். இரண்டு மாதம் முந்தி அதே வேலைக்கு வந்திருந்த ஆணுக்கும் முதலில் சொன்ன தொகை 3,500தான். தனக்குக் கட்டுப்படியாகாது என்று அவர் பேசிப் பார்த்தார்; 4,500 தர ஒப்புக்கொண்டார்கள். வேலை ஒன்று, பொறுப்பு ஒன்று, சம்பளம் மட்டும் இரண்டு. விஷயம் தெரிந்து அந்தப் பெண் வழக்குப் போட்டபோது கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் கைவிரித்துவிட்டன. அவர் பேசிப் பெற்றார், இவர் பேசவில்லை, இதில் பாலினப் பாகுபாடு எங்கே என்று நிறுவனத் தரப்பு கேட்டது. எர்ஃபுர்ட் நகரில் இருக்கும் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2023 பிப்ரவரி 16 அன்று அதை ஏற்க மறுத்தது. ஒருவர் திறமையாகப் பேரம் பேசினார் என்பது மற்றவருக்குக் குறைத்துக் கொடுக்கக் காரணமாகாது என்று சொல்லி, ஏறக்குறைய 14,500 யூரோ நிலுவையும் 2,000 யூரோ இழப்பீடும் கொடுக்கச் சொன்னது.

இந்தத் தீர்ப்பின் கனம் தொகையில் இல்லை. பணியிடச் சமத்துவம் பற்றிப் பேசுகிற பயிற்சி முகாம்களும் சுயமுன்னேற்ற நூல்களும் பெண்களுக்கு ஓயாமல் சொல்லி வந்த ஒன்று உண்டு: தைரியமாகக் கேளுங்கள், கூடுதல் சம்பளம் கேளுங்கள், பதவி உயர்வு கேளுங்கள், வீட்டில் கணவரிடம் உதவி கேளுங்கள். கேட்காததுதான் குறை என்றால் குறை பெண்ணுடையதாகிவிடுகிறது. நீதிமன்றம் அந்தப் பாரத்தை எடுத்து முதலாளியின் தோளில் வைத்தது. ஜெர்மனியின் முக்கால் நூற்றாண்டு அனுபவத்தைத் திரும்பிப் பார்க்கையில் எனக்குப் படுவதும் இதுதான். ஒரு பெண் தனியாளாகப் போய்க் கேட்டால் மட்டும் கிடைக்கிற உரிமைகள் ஏட்டோடு நின்றுவிடுகின்றன. கேட்டாலும் கேட்காவிட்டாலும் தானாக நடக்கிற ஏற்பாடுகளே பணியிடத்தை மாற்றியிருக்கின்றன.

சட்டத்தில் சமத்துவம் அங்கே சீக்கிரமே வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனிக்கு அரசமைப்பு எழுதக் கூடிய மன்றத்தில் 65 உறுப்பினர்கள். அதில் பெண்கள் நால்வர். எலிசபெத் செல்பர்ட் என்ற வழக்கறிஞர் அந்த நால்வரில் ஒருவர். ஆணும் பெண்ணும் சம உரிமை உடையவர்கள் என்று ஒரே வரியில் எழுத வேண்டும் என அவர் பிடிவாதமாக நின்றார். முதலில் மறுத்தார்கள். அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பெண்கள் அமைப்புகளும் தொழிற்சங்கப் பெண்களும் மனுக்களைக் கட்டுக் கட்டாக அனுப்பினார்கள். 1949இல் அந்த வரி மூன்றாவது உறுப்பில் ஏறியது. ஆனால் குடும்பச் சட்டம் அசையவில்லை. குடும்பக் கடமைகளுக்கு இடையூறு இல்லாத அளவில்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்ற விதி 1977 வரை இருந்தது. சமத்துவத்தை நடைமுறையில் கொண்டுவருவது அரசின் கடமை என்ற வாக்கியம் அரசமைப்பில் சேர 1994 ஆயிற்று. வரிக்கும் வாழ்வுக்கும் நடுவே நாற்பத்தைந்து ஆண்டுகள்.

தொழிற்சாலைக்குள் நடந்தது இன்னும் தெளிவாகப் பாடம் சொல்கிறது. பெண் என்பதற்காகக் கூலியில் ஒரு பங்கைக் கழிக்கும் கூட்டு ஒப்பந்த விதிகள் செல்லாது என்று 1955இல் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கழிவு போயிற்று, அதன் இடத்தில் ‘இலகு வேலைக் கூலிப் பிரிவு’ என்று ஒன்று வந்தது. உடல் பலம் குறைவாகத் தேவைப்படும் வேலைகளுக்குக் கடைசிப் படிநிலைக் கூலி; அந்த வேலைகளில் அமர்த்தப்பட்டவர்கள் அநேகமாக எல்லோரும் பெண்கள். நாள் முழுக்கக் கண்ணையும் விரலையும் வருத்தி நுண்ணிய பாகங்களைக் கோப்பது இலகு வேலையாம். பெண் என்ற சொல் மட்டும் தாளிலிருந்து நீங்கியது.

1973 ஆகஸ்டில் நாய்ஸ் நகரின் பியர்புர்க் தொழிற்சாலை இதற்கு எதிராக எழுந்தது. கார்களுக்குக் கார்புரேட்டர் செய்யும் ஆலை அது. இலகு வேலைப் பிரிவில் இருந்தவர்கள் பெரும்பாலும் துருக்கி, கிரீஸ், ஸ்பெயின், இத்தாலி, யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த பெண்கள். மணிக்கு ஒரு மார்க் கூடுதல் வேண்டும், அந்தக் கடைசிப் பிரிவையே ஒழிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. தொழிற்சங்கத் தலைமை அறிவித்த வேலைநிறுத்தம் அல்ல அது; போலீஸ் வந்தது, அடி விழுந்தது. ஒரே மொழி கூடப் பேசாத அந்தப் பெண்கள் வாசலில் நின்று, உள்ளே போகும் ஜெர்மானிய ஆண் தொழிலாளர்களின் கையில் ஆளுக்கொரு சிவப்பு ரோஜாவைக் கொடுத்தார்கள். தேர்ச்சி பெற்ற அந்த ஆண் தொழிலாளர்களும் வேலையை நிறுத்திச் சேர்ந்துகொண்ட பிறகு நிர்வாகம் இறங்கி வந்தது. பிரிவு ஒழிந்தது, கூலியும் ஏறியது. பெண்களின் கூலி அவர்களுடைய தனிப் பிரச்சினையாக இருந்தவரை நகராத விஷயம், மொத்த ஆலையின் பிரச்சினையான அன்று நகர்ந்தது.

அங்கிருந்து அதிகத் தூரமில்லாத கெல்சன்கிர்ஷனில் ஹைன்ஸே என்ற புகைப்படக் கூடத்தில் வேலை செய்த 29 பெண்கள் நீதிமன்றம் போனார்கள். அடிப்படைக் கூலி சமம். ஆண்களுக்கு மட்டும் தனிப்படி என்ற பெயரில் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தது. உள்ளூர் நீதிமன்றத்தில் வென்று, ஹாம் நகர மேல் நீதிமன்றத்தில் தோற்று, கடைசியில் 1981 செப்டம்பரில் உச்ச நிலையில் வென்றார்கள். சம்பளச் சீட்டில் அடிப்படைக் கூலியை மட்டும் பார்த்துச் சமத்துவம் இருக்கிறது என்று சொல்லக் கூடாது, படிகளையும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பெண்கள் சம்பாதித்துக் கொடுத்த அறிவு. இன்றைக்கும் எந்த நிறுவனமாவது தன்னைச் சோதித்துக்கொள்ள விரும்பினால் போனஸ், ஊக்கத்தொகை, கார், கூடுதல் நேரப் படி ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம்.

கணக்கு இப்போது எப்படி நிற்கிறது? கூட்டாட்சிப் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்குப்படி 2024இல் பெண்களின் சராசரி மணிக்கூலி 22.24 யூரோ, ஆண்களுடையது 26.34 யூரோ. இடைவெளி 16 விழுக்காடு. 2006இல் இது 23 விழுக்காடு. துறை, பதவி, கல்வி, வேலை நேரம் எல்லாம் ஒத்திருக்கும் ஆணையும் பெண்ணையும் மட்டும் ஒப்பிட்டால் இடைவெளி 6 விழுக்காடாகக் குறைகிறது. இந்த இரண்டாம் எண்ணைக் காட்டி, பிரச்சினை சிறியதுதான் என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மீதிப் பத்து விழுக்காடு எப்படி வந்தது? பெண்கள் செறிந்திருக்கும் துறைகளுக்குக் குறைந்த கூலி, பகுதிநேர வேலைக்குக் குறைந்த மணிக்கூலி, மேல் பதவிகளில் பெண்கள் குறைவு. இவற்றைக் காரணம் என்று எழுதிவைத்தால் நியாயம் ஆகிவிடாது. விளக்கம் கிடைத்துவிட்ட அநீதியும் அநீதிதான்.

சம்பளத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவர 2017 ஜூலையில் ஊதிய வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. 200 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஒரு பெண், தன்னைப் போன்ற வேலை பார்க்கும் ஆண்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம். நல்ல சட்டம்தான், ஆனால் கேட்க வேண்டுமே! கேட்ட கடிதம் மேலாளர் மேசைக்கும் மனிதவளப் பிரிவுக்கும் போகும். கேட்டவள் மேல் ஒரு கண் விழும் என்ற அச்சம் இருக்கத்தான் செய்யும். பெண்கள் அதிகம் வேலை பார்க்கும் சின்னக் கடைகள், மருத்துவர் கிளினிக்குகள், சிறு அலுவலகங்கள் எல்லாம் 200 என்ற வரம்புக்குக் கீழே தப்பிவிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு ஊதிய வெளிப்படைத்தன்மை ஆணை இதைத் தலைகீழாக்குகிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவருக்கும் தொடக்கச் சம்பளத்தையோ அதன் வரம்பையோ நிறுவனமே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். பழைய இடத்தில் எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்கவே கூடாது. பழைய இடத்தில் குறைத்துக் கொடுத்ததைப் புதிய இடத்திலும் தொடரவைத்த கேள்வி அது. உறுப்பு நாடுகள் 2026 ஜூன் 7க்குள் இதைத் தங்கள் சட்டமாக்க வேண்டும் என்பது கெடு. ஆனால் ஒரு நிறுவனம் தன் வேலை விளம்பரத்தில் சம்பளத்தைப் போட எந்தக் கெடுவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி நான் மிக முக்கியம் என்று நினைக்கும் இடத்துக்கு வருகிறேன்: பிள்ளைப்பேற்றின் செலவு யார் தலையில்? ஜெர்மனியில் பிரசவத்துக்கு முன் ஆறு வாரமும் பின் எட்டு வாரமும் சம்பளத்தோடு விடுப்பு. அந்த நாட்களில் மருத்துவக் காப்பீடு நாளொன்றுக்கு 13 யூரோ வரை கொடுக்கும். கையில் வரும் சம்பளத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை முதலாளி கொடுக்க வேண்டும். இளம்பெண்களை வேலைக்கு எடுக்கிற முதலாளிக்குச் செலவு, ஆண்களை மட்டும் எடுக்கிறவருக்கு மிச்சம் என்றால், பெண்ணைக் காக்க வந்த சட்டமே அவளுக்கு வாசலை மூடிவிடும். சிறு நிறுவனங்களுக்கு மட்டும் ஒரு பொது நிதியிலிருந்து இந்தத் தொகையைத் திருப்பித் தரும் வழக்கம் இருந்தது. 2003 நவம்பரில் அரசமைப்பு நீதிமன்றம், இந்தப் பாதுகாப்பு எல்லா நிறுவனங்களுக்கும் இல்லாததால் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்கவைக்கும் விளைவு ஏற்படுகிறது, அது சமத்துவ உறுப்புக்கு முரண் என்று சொன்னது. 2006 முதல் எல்லா முதலாளிகளும் இந்த நிதிக்குக் கட்டுகிறார்கள். ஆண்கள் மட்டுமே வேலை செய்யும் வெல்டிங் பட்டறைக்காரரும் தம் சம்பளப் பட்டியலில் ஒரு சிறு பங்கைக் கட்ட வேண்டும். அது பொதுவாக ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பெண் ஊழியர் கருவுற்ற நிறுவனத்துக்கு அந்தச் செலவு முழுக்கத் திரும்பி வந்துவிடும். கர்ப்பகாலத்தில் ஆபத்தான வேலை என்று மருத்துவர் தடுத்தால் அந்த மாதங்களின் சம்பளமும் இந்த நிதியிலிருந்துதான்.

இந்த ஏற்பாட்டுக்காக யாரும் விருது வாங்கியதில்லை, மகளிர் தின மேடையில் யாரும் இதைப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் நேர்முகத் தேர்வில் ‘கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை எப்போது’ என்று கேட்கத் தூண்டும் பணக்காரணத்தை இது வேரோடு பிடுங்குகிறது. இந்தியாவில் 2017இல் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்தினோம். பெருமைப்பட வேண்டிய உயர்வு. ஈஎஸ்ஐ வரம்புக்குள் வருகிற தொழிலாளிக்குக் காப்பீட்டுக் கழகம் பணம் தருகிறது. அந்த வரம்பைத் தாண்டிச் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு முழுச் செலவும் அவரை வேலைக்கு எடுத்த முதலாளியுடையது. சென்னையிலோ கோவையிலோ முப்பது பேரை வைத்துத் தொழில் செய்பவர் இதை எப்படிக் கணக்குப் போடுவார் என்று யோசித்தால், எல்லா முதலாளிகளிடமும் வாங்கிப் பொதுவில் வைக்கும் ஜெர்மன் வழி நமக்கு எவ்வளவு அவசரமாகத் தேவை என்பது புரியும்.

பிரசவம் முடிந்த பிறகுதான் நீண்ட கதை தொடங்குகிறது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பகுதிநேரம். ஆண்களில் எட்டில் ஒருவர் அளவுக்குத்தான். வீட்டுவேலை, குழந்தை, முதியோர் என்று கூலியில்லாத உழைப்பில் 2022ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி பெண்கள் வாரம் 30 மணி அளவும் ஆண்கள் 21 மணி அளவும் செலவிடுகிறார்கள். குழந்தைக்காக மூன்று ஆண்டுவரை வேலை உத்தரவாதத்தோடு விடுப்பில் இருக்கலாம் என்பது ஒரு காலத்தில் பெரிய சலுகையாகத் தெரிந்தது. அதன் இன்னொரு பக்கம், நீண்ட விடுப்பில் போனவர்கள் திரும்பி வரும்போது பொறுப்பான வேலை வேறொருவர் கைக்குப் போயிருந்தது. பகுதிநேரத்துக்கு இறங்கினால் மறுபடி முழுநேரத்துக்கு ஏற வழியில்லை. அதை அங்கே பகுதிநேரப் பொறி என்றே சொல்கிறார்கள். ஓய்வூதியம் வரை அந்த இழப்பு தொடரும்.

2007இல் குடும்பநல அமைச்சராக இருந்த உர்சுலா ஃபொன் டெர் லையன் கொண்டுவந்த பெற்றோர் படி இதில் ஒரு திருப்பம். விட்டுப்போன நிகரச் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அரசு பன்னிரண்டு மாதம் தரும். இரு பெற்றோரும் எடுத்தால் இன்னும் இரண்டு மாதம் கூடும். தந்தை எடுக்காவிட்டால் அந்த இரண்டு மாதம் குடும்பத்துக்கே இல்லை. அதற்கு முன் குழந்தைக்காக விடுப்பு எடுத்த தந்தையர் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான். சில ஆண்டுகளில் மூன்றில் ஒருவர் ஆனார்கள், இப்போது நாற்பது விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. ஆண்களின் மனம் திடீரென்று மாறிவிட்டது என்று நான் நம்பவில்லை. மேலாளரிடம் போய், ‘எடுக்காவிட்டால் பணம் போய்விடும்’ என்று சொல்ல அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது. ஆனால் பெரும்பாலோர் அந்த இரண்டு மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதிகபட்சத் தொகை 1,800 யூரோ என்று 2007இல் வைத்தது இன்னும் உயரவில்லை. கணவன் சம்பளம் அதிகம் என்றால் அவன் வீட்டில் இருப்பது நட்டம். ஆகவே அவள் இருக்கிறாள். ஆகவே அவள் சம்பளம் மேலும் பின்தங்குகிறது. குழந்தை பிறந்ததும் தந்தைக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு தருவோம் என்று 2021இல் கூட்டணி அரசு வாக்களித்தது. 2024 நவம்பரில் அந்தக் கூட்டணி உடையும்வரை சட்டம் வரவில்லை. சில நிறுவனங்கள் சொந்தமாகவே அதைக் கொடுக்கின்றன. எந்த நிறுவனத்தில் ஓர் ஆண் மேலாளர் ஆறு மாதம் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்கிறாரோ, அங்கே பெண்களுக்கு விடியத் தொடங்கிவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம்.

நேரத்தைத் திருப்பித் தரும் இரண்டு ஏற்பாடுகளையும் பாராட்ட வேண்டும். 2018 பிப்ரவரியில் உலோகத் தொழிலாளர் சங்கமான ஐஜி மெட்டால் ஒரு கூட்டு ஒப்பந்தம் போட்டது. இரண்டு ஆண்டு வேலை முடித்த எவரும் வாரம் 28 மணி வரை வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு, அதிகபட்சம் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தானாகவே முழுநேரத்துக்குத் திரும்பலாம். சிறு குழந்தையோ பராமரிக்க வேண்டிய முதியவரோ வீட்டில் இருந்தால் கூடுதல் படிக்குப் பதிலாக எட்டு நாள் விடுப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆண்கள் நிறைந்த துறையில், ஆண்களும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்து வாங்கியது இது. அடுத்த ஆண்டு முதல் ‘பாலப் பகுதிநேரம்’ என்று நாடு முழுமைக்கும் ஒரு சட்டமும் வந்தது: ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை நேரத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பலாம். ஆனால் 45 பேருக்கு மேல் இருக்கும் நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும். பெண்கள் நிறைந்த சின்ன நிறுவனங்கள் மறுபடி வெளியே.

மழலையர் காப்பகம் இல்லாமல் இதில் எதுவும் நிற்காது. ஒரு வயது முடிந்த குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் என்பது 2013 ஆகஸ்ட் முதல் சட்ட உரிமை. லைப்சிக் நகரத் தாய்மார் மூவர், இடம் கிடைக்காததால் வேலைக்குப் போக முடியவில்லை, இழந்த சம்பளத்தை நகராட்சி தரட்டும் என்று வழக்குப் போட்டார்கள். அப்படி இழப்பீடு கேட்க உரிமை உண்டு என்று 2016இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. உரிமை இருந்தும் ஆள்பற்றாக்குறையால் காப்பகம் மதியத்தோடு மூடும் நாட்கள் உண்டு. அன்றைக்கு யாருடைய கைபேசி அடிக்கிறது? ஆசிரியை அம்மாவைத்தான் கூப்பிடுகிறார். முக்கியக் கூட்டங்களை மாலை மூன்று மணிக்கு மேல் வைக்கக் கூடாது என்று ஓர் அலுவலகம் தீர்மானித்தால் அதற்கு ஒரு காசு செலவில்லை. ஆயிரம் உரைகளைவிட அது பெரிது.

கிழக்கும் மேற்கும் ஒப்பிட்டால் காப்பகத்தின் பலம் தெரியும். பழைய கிழக்கு ஜெர்மனியில் பத்தில் ஒன்பது பெண்கள் வேலைக்குப் போனார்கள். ஆலைக்கும் குடியிருப்புக்கும் பக்கத்திலேயே குழந்தைகள் காப்பகம். அந்த அரசின் அடக்குமுறையை யாரும் ஏக்கத்தோடு நினைக்க வேண்டியதில்லை. வீட்டுவேலையும் அங்கே பெண் தலையில்தான் இருந்தது. ஆனாலும் பெர்லின் சுவர் விழுந்து முப்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகும் கிழக்கில் ஊதிய இடைவெளி 5 விழுக்காடு, மேற்கில் 17. கிழக்கில் ஆண்களின் கூலியும் குறைவு என்பது ஒரு காரணம். தாய் முழுநேர வேலைக்குப் போவதை இயல்பாகப் பார்க்கும் பழக்கமும், அதைத் தாங்கும் காப்பகங்களும் இன்னொரு காரணம். மேற்கில் 1958இல் வந்த தம்பதியர் கூட்டு வரிமுறை இன்றும் குறைந்த சம்பளக்காரரான மனைவியின் மாதச் சம்பளத்தில் அதிக வரியைப் பிடிக்கிறது. இவ்வளவு கொஞ்சத்துக்கு வேலைக்குப் போக வேண்டுமா என்று வீட்டில் பேச்சு வருவதற்கு அது போதும்.

உயர்பதவிகளைப் பற்றித்தான் பத்திரிகைகள் நிறைய எழுதுகின்றன. நான் சுருக்கமாகச் சொல்கிறேன். டாய்ச்சே டெலிகாம் 2010இல் தன் தலைமைப் பதவிகளில் 30 விழுக்காடு பெண்கள் என்று தானே அறிவித்தது. மற்றப் பெருநிறுவனங்கள் தன்னார்வ உறுதிமொழிகளோடு நின்றன. 2017இல் ஆல்பிரைட் அறக்கட்டளை, பங்குச் சந்தை நிறுவனங்களின் நிர்வாகக் குழுக்களில் மொத்தப் பெண்களின் எண்ணிக்கையைவிடத் தாமஸ், மிக்கேல் என்ற இரண்டு பெயர்க்காரர்களின் எண்ணிக்கை அதிகம் என்று கணக்கெடுத்துக் காட்டியது. 2016 முதல் சுமார் நூறு பெரிய நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுக்களுக்கு 30 விழுக்காடு கட்டாயமானதும் அந்த இடங்கள் நிரம்பின. தகுதியான பெண் கிடைக்கவில்லை என்ற பேச்சு அடங்கியது. கட்டாயம் இல்லாத நிர்வாகக் குழுக்களில் பல ஆண்டு எதுவும் நகரவில்லை. மூவருக்கு மேல் இருந்தால் ஒரு பெண்ணாவது வேண்டும் என்று 2021இல் சட்டம் வந்தது. 2020இல் வெஸ்ட்விங் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான டெலியா லாஷான்ஸ், பிரசவத்துக்காக நிர்வாகக் குழுப் பதவியையே துறக்க வேண்டியிருந்தது. அந்தப் பதவிக்கு மகப்பேறு விடுப்பு என்று ஒன்று சட்டத்தில் இல்லை. அங்கே ஒரு தாய் உட்காருவாள் என்று எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தக் குறையையும் 2021 சட்டம் தீர்த்தது.

மேல்தளத்தைவிடக் கீழ்த்தளத்தில் கூட்டம் அதிகம். குழந்தைகளையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்ளும் வேலைகளுக்குக் கூலி குறைவாக இருப்பதற்குக் காரணம் அவற்றில் திறமை குறைவு என்பதல்ல. பெண்கள் வீட்டில் இலவசமாகச் செய்தது என்ற பழைய நினைப்பு. 2015இல் காப்பக ஊழியர்கள் சேவைத் துறைத் தொழிற்சங்கமான வெர்டியின் கீழ் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கேள்வியே அதுதான். ஆண்கள் படிக்கும் தொழிற்பயிற்சிகளில் முதல் நாளிலிருந்து உதவித்தொகை கிடைக்க, செவிலியப் பராமரிப்புப் படிப்புக்குச் சில இடங்களில் மாணவிகள் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2020இல் வந்த புதிய சட்டம் அந்தக் கட்டணத்தை நீக்கி, பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் உறுதி செய்தது. இன்று கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் அந்தப் பயிற்சிக்குப் போகும் இளம்பெண்கள் அனுபவிப்பது அந்த மாற்றத்தின் பலன்.

தொந்தரவு, சீண்டல் விஷயத்தில் ஜெர்மனி நம்மிடம் கற்கலாம். 2006ஆம் ஆண்டின் சமநடத்தைச் சட்டம் ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் வாங்க ஓர் இடம் இருக்க வேண்டும் என்கிறது. அதில் யார் இருப்பார் என்று சொல்லவில்லை. மனிதவளப் பிரிவின் ஒரு மின்னஞ்சல் முகவரியே அந்த இடமாக இருந்துவிடலாம். இழப்பீடு கேட்க இரண்டே மாதம் அவகாசம். அதிர்ச்சியிலிருந்து மீளவே அது போதாது. பெண் தலைமையில் குழு, வெளியாள் ஒருவர் கட்டாயம் என்று எழுதியிருக்கும் நம் 2013 சட்டம் இதில் மேலானது. அதையும் விஞ்சியது 2022 ஏப்ரலில் திண்டுக்கல்லில் கையெழுத்தான ஒப்பந்தம். ஒரு தலித் இளம்பெண் தொழிலாளியின் கொலைக்குப் பின், பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடனும் எச்&எம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களுடனும் செய்தது அது. ஆலைத் தளத்திலேயே பயிற்சி பெற்ற பெண் கண்காணிப்பாளர்கள் உலவுகிறார்கள்; பாதிக்கப்பட்டவள் தனியே நடந்து போய்க் கதவைத் தட்டும்வரை காத்திருப்பதில்லை.

ஜெர்மனியில் இதற்கு ஈடாக வளரக்கூடிய அமைப்பு, ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் பணியாளர் மன்றம். ஆலையில் எந்தப் பாலினம் சிறுபான்மையோ அதற்கு எண்ணிக்கைக்கேற்ற இடங்களாவது மன்றத்தில் இருக்க வேண்டும் என்று 2001 முதல் சட்டம். கூட்டாட்சி அரசு அலுவலகங்களில் நூறு பேராவது இருந்தால் சமத்துவ அலுவலர் ஒருவர் உண்டு. அவரைப் பெண் ஊழியர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தனியார் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அதை நீட்டிப்பது எத்தனையோ விழிப்புணர்வு வாரங்களைவிடப் பயன் தரும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், இந்த ஏற்பாடுகளின் எல்லைக்கு வெளியே நிற்கும் பெண்கள் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 1980களில் ஈழத்திலிருந்து வந்து ஹாம், டோர்ட்முண்ட், எசன் நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ தாய்மார் உணவக அடுக்களைகளிலும் அலுவலகத் துப்புரவிலும் நின்று பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். இன்று நீல அட்டை என்ற ஐரோப்பிய ஒன்றிய வேலை அனுமதியில் வரும் ஐடி ஊழியரின் மனைவிக்கு வந்த நாளிலிருந்தே வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் மொழி, காப்பக இடம், பட்ட அங்கீகாரம் மூன்றும் சேர்ந்து வராததால் பொறியியல் படித்த பெண்கள் ஆண்டுக்கணக்கில் வீட்டில் இருப்பதைக் காண்கிறோம். கணவனை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் மனைவிக்கும் ஒரு மொழி வகுப்புக்கு இடம் ஒதுக்கினால் அது பெரிய உதவி.

துப்புரவுத் துறையில் மட்டும் சுமார் ஏழு லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள், புலம்பெயர்ந்தவர்கள் நிறைய. மாதம் 556 யூரோவுக்குள் சம்பளம் வரும் சிறுவேலை என்ற வகையில் 2025இல் அவர்களில் பலர் இருந்தார்கள். வேலை போனால் உதவித்தொகை இல்லை, ஓய்வூதியம் சொற்பம். அலுவலகம் திறக்கும் முன் விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டு மணி நேரம், எல்லோரும் போன பிறகு மாலை இரண்டு மணி நேரம். நடுவில் வீட்டுக்கும் பேருந்துக்கும் அலைச்சல். குழந்தை எழும்போது தாய் வீட்டில் இல்லை, தூங்கும்போதும் இல்லை. அலுவலகத்து ஊழியருக்குத் தன் மேசையைத் துடைப்பவரின் முகம்கூடத் தெரியாது. இதை மாற்றப் பகல்நேரத் துப்புரவு வேண்டும் என்று கட்டடத் தொழிலாளர் சங்கமான ஐஜி பாவ் கேட்டு வருகிறது: மற்றவர்கள் வேலை செய்யும் நேரத்திலேயே கூட்டித் துடைப்பது. அப்போது துண்டு துண்டான நான்கு மணி நேரம் தொடர்ச்சியான ஆறு அல்லது ஏழு மணி நேர வேலையாகும்; அந்தப் பெண் சிறுவேலையிலிருந்து காப்பீடும் ஓய்வூதியமும் உள்ள வேலைக்கு ஏறுவார். துப்புரவு ஒப்பந்தத்துக்கு டெண்டர் விடும் நிறுவனம் அதில் ‘காலை எட்டு முதல் மாலை நான்குக்குள்’ என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். ஒப்பந்தங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன; அடுத்த புதுப்பிப்பிலேயே சேர்க்கலாம்.